பளபளப்பு ஒழிப்பு: கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

டாஷ்போர்டு வடை சுட்ட வாணலி மாதிரி மின்னுகிறதா? உடனே துணியைத் தேடாதீர்கள். முதலில் குற்றவாளி யார் என்று பாருங்கள்.

டாஷ்போர்டில் மின்னுவது பெரும்பாலும் வாட்டர் சர்வீஸில் பூசிவிட்ட பாலிஷ், அதாவது சிலிகான் எண்ணெய். ஸ்டீயரிங்கில் மின்னுவது நீங்களேதான்: உள்ளங்கை வியர்வை, தோலின் எண்ணெய், சிக்னலில் நின்றபடி தின்ற பஜ்ஜி. தோல் உறை போட்ட ஸ்டீயரிங் வழவழவென்று மின்னினால், ‘நல்ல தோல்’ என்று பெருமைப்பட வேண்டாம். பெரும்பாலும் அது அழுக்கு. முன்சீட்டு ஹெட்ரெஸ்டில் தேங்காய் எண்ணெய் வட்டம் இருந்தால் அது மாமனார். சாட்சி வாசனையிலேயே இருக்கிறது. ஆனாலும் வழக்கை அவர் முன்னிலையில் நடத்தாதீர்கள். அவர் ஊருக்குக் கிளம்பியதும் துடைத்துவிட்டு ஒரு பூத்துவாலையைப் போர்த்தி வையுங்கள். அடுத்த முறை வந்து கேட்டால், “வெயிலுக்கு நல்லது மாமா” என்று சொல்லிக்கொள்ளலாம்.

டாஷ்போர்டை அப்படியே விட்டால் என்ன? தாராளமாக விடலாம். உச்சி வெயிலில் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழும். எதிரே லாரி தெரிய வேண்டிய இடத்தில் பிள்ளையாரும் பார்க்கிங் சீட்டும் தெரியும். எண்ணெயில் தூசி ஒட்டும், தூசியால் மங்கும், மங்கியதும் மறுபடி பாலிஷ் போடச் சொல்வார்கள். தொழில் ரகசியம் இவ்வளவுதான். ஸ்டீயரிங், பெடல் பக்கம் மட்டும் பாலிஷ் பாட்டிலையே கொண்டுபோகாதீர்கள். பிரேக்கில் கால் வழுக்கிய பிறகு பளபளப்பை ரசிக்க நேரம் இருக்காது.

இனி துடைக்கலாம். ஒரு மக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. சொட்டு என்றால் சொட்டு. நுரை பொங்கினால்தான் சுத்தம் என்ற குடும்ப நம்பிக்கையைச் சமையலறையோடு விட்டுவிடுங்கள். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து துடையுங்கள். டாஷ்போர்டின் மேல் நேராகத் தெளிக்காதீர்கள். ஏசி சுவிட்சுக்குக் குளிக்கும் ஆசை கிடையாது. துணியை அடிக்கடி மடித்துப் புதுப் பக்கத்துக்கு மாற்றுங்கள். இல்லையேல் இடப்பக்கத்து எண்ணெயை வலப்பக்கத்துக்குக் குடிமாற்றுவீர்கள், அவ்வளவுதான். கடைசியில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, பிறகு உலர்ந்த துணி. சிலிகான் ஒரே தடவையில் போகாது. அடம்பிடித்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து, கண்ணில் படாத மூலையில் முதலில் தேய்த்துப் பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் தெருவில் ஒருவர் வந்து நிற்பார். “தின்னர் போடுங்க, இல்லாட்டி நெயில் பாலிஷ் ரிமூவர். ஒரே இழுப்பு!” அவர் சொல்வது பொய்யல்ல. ரிமூவரில் உள்ள அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பிசுக்கு போகும், கூடவே பிளாஸ்டிக்கும் போகும்.

சில பழைய கார்களில் பட்டன்களும் கைப்பிடிகளும் தானாகவே பசையாகிவிடும். அது அழுக்கே அல்ல. மெத்தென்று இருப்பதற்காகப் பூசிய பாலியூரித்தேன் பூச்சு, ஈரக்காற்றில் வருடக்கணக்காக இருந்து சிதைந்துபோனது. கடலோர ஊர்க்காரர்கள் இதைச் சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார்கள், விரல்தான் கறுப்பாகும். பூச்சை முழுதாக உரித்தெடுக்க வேண்டும், அல்லது பாகத்தையே மாற்ற வேண்டும்.

முன்கண்ணாடியின் உட்புறத்தையும் மறக்காதீர்கள். வெயிலில் பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் வேதிப்பொருட்கள் அங்கே மெல்லிய படலமாகப் படிகின்றன. எதிர்வண்டி ஹைபீம் போடும்போதுதான் தெரியும். கார்க் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்ட உச்ச நீதிமன்றம் 2012-ல் தடை விதித்தது. இந்த இலவச ஃபிலிமுக்கு மட்டும் யாரும் அபராதம் போடுவதில்லை. தனித்துணியால் துடையுங்கள், டாஷ்போர்டு துடைத்த துணி வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் டாஷ்போர்டு, ஃபேக்டரியிலிருந்து வந்த நாளில் இருந்த மாதிரி, மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “காலையிலேருந்து காருக்குள்ளயே இருந்தீங்களே சார், துடைக்கலையா?” என்பார்.