குதிரைக்கு வளைகாப்பா?

இன்னா தம்பி, சினைக் குதிரைக்கு வளைகாப்பு நடத்துனியாமே? பூந்தமல்லி பூரா அதே பேச்சு. அஞ்சு வகை சாதமாம், போட்டோ எடுக்க ஆளாம். எலுமிச்சஞ் சாதத்த மோந்து பாத்துட்டுக் குதிரை மூஞ்சியத் திருப்பிக்கிச்சாம். உங்க வூட்டுல அதுக்காச்சும் புத்தி இருக்குதே!

சோறு போட்டுக் குதிரையக் கெடுக்குறது நமக்குப் பழைய பழக்கந்தான். 13ஆம் நூற்றாண்டு கடைசியில மார்க்கோ போலோன்னு ஒரு வெனிஸ்காரன் பாண்டிய நாட்டுக்கு வந்தான். ராசாங்க ஆளுக்கு 2000 குதிரைக்கு மேல வாங்குறாங்க, வருசம் முடியுறப்ப 100 கூட மிஞ்சுறதில்ல, அரிசியும் கறியும் வேகவெச்சுப் போடுறாங்கன்னு எழுதி வெச்சான். ஊர் சுத்துறவன், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பான். ஆனா இத்தினி வருசம் கழிச்சு நீ பாதாம் அல்வா ஊட்டுறியே, உன்னப் பாத்தா இன்னா எழுதுவான்?

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது நைனா. உள்ள போனது உள்ளதான். வயிறும் ஒடம்புக்குச் சின்னது. கண்டதையும் கொட்டினா சூலை வந்து பொரளும். பூந்தமல்லி ஐரோட்டுல ஜட்கா ஓடுன காலத்துல புல்லும் கொள்ளுந்தான் தீனி. சினை எட்டு மாசம் ஆகுற வரைக்கும் வழக்கமா போடுறதே போதும். கடைசி மூணு மாசந்தான் குட்டி மளமளன்னு வளரும். அப்ப ஊறவெச்ச கொள்ளு, தவிடு, தாது உப்பு, எல்லாத்தையும் கொஞ்சங் கொஞ்சமா கூட்டு. ஒரே வேளையில கொட்டாத, பிரிச்சுப் போடு. பூசணம் புடிச்ச வைக்கோல் ஆவாது. சாக்கடைக் கால்வா ஓரத்துப் புல்லும் ஆவாது. வெலாவுல கைய வெச்சுத் தடவிப் பாரு. எலும்பு கைக்குத் தட்டணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. இதுக்கு எந்த ஆப்பு வேணும்?

குங்குமப்பூ வேற குடுக்குறியாம், குட்டி வெள்ளையா பொறக்கணும்னு! உன் குதிரைக்கு முடிதான் வெள்ளை, தோலு கருப்பு. அந்த சாதி பொறக்குறப்ப கருப்பாவோ செவலையாவோ வரும், வயசாக வயசாகத்தான் வெளுக்கும். தோலு ரோசா நெறத்துல இருக்குற நுக்ரா வேற கதை. நாளைக்குக் கருங்குட்டி விழுந்தா எவன் மேலயும் சந்தேகப்படாத.

செல்லுல ஈனுற தேதி குறிச்சு வெச்சிருக்கியே, அது இன்னா கல்யாண மண்டபமா? சராசரி 340 நாளு. முன்னப் பின்ன ஆனா குதிரை உனக்கு லெட்டர் போடாது. மடியப் பாரு. ரெண்டு மூணு வாரம் முன்னாடியே கனக்கும். காம்பு நுனியில மெழுகு கட்டுச்சுன்னா அனேகமா ஒண்ணு ரெண்டு நாள்ல ஈனும். வாலடி தொளதொளன்னு ஆவும். ஆனா சில குதிரை ஒரு அடையாளமும் காட்டாது, அது வேற! ஈனுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி டாக்டரக் கேட்டு ரணஜன்னி ஊசி போட்டுடு. அதுல கஞ்சத்தனம் பண்ணாத.

கேமரா மாட்டிக்கோ, வேணாங்கல. ராத்திரியிலதான் பெரும்பாலும் ஈனும், தூரத்துலேர்ந்து பாக்க ஒதவும். ஆனா கலர் லைட்டு எதுக்கு? சொந்தக்காரக் கூட்டம் எதுக்கு? ஆளு நின்னா அது அடக்கி வெச்சுக்கும். பனிக்கொடம் ஒடஞ்சா அரை மணியில வேலை முடிஞ்சிடணும். வெள்ளைப் பைக்குப் பதிலா செவப்பா, வெல்வெட்டு மாதிரி எட்டிப் பாத்துச்சுன்னா வீடியோவ வுடு, டாக்டருக்குப் போனப் போடு. ஒவ்வொரு நிமிசமும் குட்டியோட மூச்சு.

குட்டி ஒரு மணியில நிக்கணும், ரெண்டு மணியில சீம்பால் குடிக்கணும். மூணு மணிக்குள்ள நஞ்சுக்கொடி விழணும். கையப் போட்டு இழுக்காத! விழுந்ததும் ஆலமரத்துல கட்ட ஓடாத. வைக்கோல் மேல விரிச்சுப் பாரு, துண்டு ஏதாச்சும் கொறையுதான்னு. கொறஞ்சாலோ, மூணு மணி தாண்டியும் விழலன்னாலோ வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியக் கேளு. பேரு வெக்கிற விழாவுக்கு பேனர் அடிக்கிறத அதுக்கு அப்பறம் பாத்துக்கலாம்.