தானாய் நடக்கும் வீரன்

தொண்ணூறுகளில் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்குப் போன பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்: வளையல் கடைக்கும் பலூன்காரருக்கும் நடுவே, அட்டைமேல் '9999 விளையாட்டுகள்' என்று கூசாமல் அச்சடித்த பிரிக் கேம் தொங்கும், உள்ளே இருந்ததோ சில விளையாட்டுகள்தான், அவற்றையே வேகம் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கில் பெருக்கியிருந்தார்கள், நானோ சித்தூர் திரும்பும் பஸ்ஸிலேயே சரிபார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

பென்சில் பேட்டரி, அகலத்தில் 10, உயரத்தில் 20 கட்டம் கொண்ட சாம்பல் திரை. பொத்தானை அழுத்தினால் ரப்பருக்கு அடியில் ஒட்டிய கரிவில்லை பலகையின் இரு தடங்களைத் தொடும், விட்டால் விலகும். உண்டு அல்லது இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் கார் விளையாட்டில் நகம் வெளுக்க அழுத்தி, தோளையும் சேர்த்துச் சாய்த்தோமே, அந்தச் சாய்வையெல்லாம் எந்தச் சில்லு கணக்கில் எடுத்தது?

இன்று அக்கா மகன் கையிலிருக்கும் பெட்டியில் காளான்போல் ஒரு குச்சி. லேசாகத் தள்ளினால் வீரன் நடக்கிறான், முழுக்கத் தள்ளினால் ஓடுகிறான். அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள்: ஒன்று இடவலத்துக்கு, மற்றது மேல்கீழுக்கு. கரித்தடத்தின் மேல் உலோக நாக்கு உரசிப் போகிறது. அது நிற்கும் இடத்துக்கேற்ப மின்னழுத்தம் ஏறி இறங்க, சில்லு அதை எண்ணாக வாசிக்கிறது. விரலை எடுத்தால் ஸ்பிரிங் நடுவுக்கு இழுத்துவிடும். எங்கேயோ பார்த்த முகமாயிற்றே என்று யோசித்தால், அப்பாவின் ரேடியோவில் இருந்த வால்யூம் திருகு! சென்னை வானொலியில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கரகரவென்று கத்துமே, அதேதான்.

செல்போனில் இந்த வம்பே இல்லை. 2015 முதல் ஸ்ரீசிட்டியில், அன்றைக்கு எங்கள் சித்தூர் மாவட்டத்திலேயே, ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷாவ்மி போன்கள் தயாராயின. சீனப் பொம்மைக்கு அழுத ஊருக்கு எவ்வளவு பெரிய முன்னேற்றம்! அதில் குச்சிக்குப் பதில் கண்ணாடியில் வரைந்த வட்டம்: தேய்வதும் இல்லை, விரலுக்குத் தட்டுப்படுவதும் இல்லை.

போன மாதம், தொடாமலே வீரன் இடப்பக்கம் நடக்கத் தொடங்கினான். நோயும் ரேடியோவினுடையதுதான்: கரி தேய்ந்திருக்கும், தூசி சேர்ந்திருக்கும். புத்தம்புதுக் கண்டுபிடிப்பு, காந்தத்தால் வேலை செய்கிறது, எதுவும் உரசாது என்று பையன் 'ஹால் எஃபெக்ட்' குச்சிக்கு ஆர்டர் போட்டான். எட்வின் ஹால் அதைக் கண்டது 1879இல், சேகா தன் ட்ரீம்காஸ்ட் விளையாட்டுப் பெட்டியில் வைத்து விற்றது 1998இல் என்றேன், காதில் விழவில்லை.

கூரியர் வரும்வரை பெட்டியை வாங்கி, அப்பா திருகை முன்னும் பின்னும் சுழற்றுவாரே, அப்படிக் குச்சியை வேகமாகச் சுற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் வரை வீரன் நின்ற இடத்தில் நின்றான்.

"சூப்பர் மாமா! எந்த யூடியூப்ல பாத்தீங்க?" என்றான்.