உள்ளங்கையில் ஒரு பெட்டியடி

(கண்டரமாணிக்கத்துக்காரர்கள் இந்த முறை ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டதால் பக்கம் முழுவதும் வாட்ஸப்.)

பலகாரம் போடும் ஆச்சி, கண்டரமாணிக்கம்: கடையும் இல்லை, போர்டும் இல்லை. மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை என்று வாட்ஸப்பில் கேட்கிறார்கள், சுட்டு அனுப்புகிறேன். 'பிசினஸ் உமன்' என்று பேரன் கேலி செய்கிறான். நான் வியாபாரிதானா?

பேரன் வாயில் ஒரு மனகோலத்தைப் போட்டு அடையுங்கள் ஆச்சி. நீங்கள் வியாபாரியேதான். உங்களைப் போன்றவர்களுக்கென்றே 2018 ஜனவரியில் வாட்ஸப் பிசினஸ் என்று தனி ஆப் விட்டார்கள். காசு கிடையாது. பலகாரத்தின் படமும் விலையும் வரிசையாகப் போட்டு வைக்க அதில் இடம் உண்டு. ஆனால் படத்தைப் பார்த்தா உங்களிடம் வருகிறார்கள்? யாரோ ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு, "இது யார் கைப்பக்குவம்?" என்று கேட்டு நம்பர் வாங்கியிருப்பார்கள். பேர் வாங்கியது உங்கள் கை; ஆப் அதைச் சீக்கிரம் பரப்பியது, அவ்வளவே. ஒன்று மட்டும்: விற்பனை என்று வந்துவிட்டால் வீட்டு அடுப்பானாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம். கேலி செய்த பாவத்துக்குப் பேரனே செய்து தரட்டும்.

கல்லூரி மாணவி, காரைக்குடி: தினமும் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் அனுப்பும் மாமாவை என்ன செய்வது?

மரியாதையாக நடத்துங்கள். இந்தியர்களின் போன் ஏன் நிரம்பி வழிகிறது என்று கூகிள்காரர்களே ஆராய்ந்து, காலை வணக்கப் படங்களை அள்ளிக் கொட்ட ஒரு வசதி செய்தார்கள். உங்கள் மாமா சர்வதேசப் பிரச்சினை.

ஓய்வு பெற்ற ஆசிரியர், கல்லல்: செட்டியார்களின் உண்டியலும் இன்றைய ஜிபேயும் ஒன்றுதானே?

கொடுக்கிற கை ஓரூரில், வாங்குகிற கை வேறூரில். நடுவே பணம் பயணம் போகாமல் சொல் போகிறது. அந்த மட்டில் ஒன்றுதான். ரங்கூன் கடையில் கட்டிவிட்டு, எழுதி வாங்கிய உண்டியலைக் காட்டி இங்கே பணம் பெற்றார்கள். ரங்கூனோடு இருந்த அந்த உறவு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஓர் அத்தாட்சி: 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவு திறந்தார். இன்றோ, 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் என்ற பணம் அனுப்பும் வசதியை நம் யுபிஐயோடு இணைத்த பிறகு, அங்கிருக்கும் மகன் போனைத் தட்டினால் இங்கே ஆத்தா கணக்கில் விழுகிறது. நடுவில் கப்பலும் இல்லை, செட்டியார்கள் கூடித் தொழில் நடத்திய கிட்டங்கியும் இல்லை.

வித்தியாசம் கணக்கில் இருக்கிறது சார். அன்று பெட்டியடியில், அதாவது கல்லாப் பெட்டி வைத்து வியாபாரம் செய்த இடத்தில், நடந்ததை அன்றே சிட்டையில் எழுதினார்கள். சிட்டையிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றினார்கள். அதிலிருந்து ஐந்தொகை கட்டி முதலாளி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாட்ஸப் வியாபாரத்தில் சிட்டை மட்டும்தான் இருக்கிறது. 'ரெண்டு கிலோ அனுப்புங்க', 'போட்டாச்சு', ஒரு கட்டைவிரல், நடுவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. தீபாவளிக்கு முன்னால் யார் எவ்வளவு பாக்கி என்று பார்க்க, விரல் தேயத் தேய மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். பேரேடு எழுத ஆளில்லை.

இன்னொன்று. சிட்டை நம் போனில் இருந்தாலும் கடைச் சாவி கலிபோர்னியாவில் இருக்கிறது. ஃபேஸ்புக் 2014ல் 1,900 கோடி டாலர் விலை பேசி வாங்கிய கடை அது. 2021 அக்டோபர் 4 ராத்திரி சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்கப் படுத்துக்கொண்டது. மாதா மாதம் பல லட்சம் இந்திய எண்களை முடக்குவதாக அந்தக் கம்பெனியே அறிக்கை விடுகிறது. முக்கால்வாசி ஏமாற்றுப் பேர்வழிகளாக இருக்கலாம். ஆனால் ஒரே விளம்பரத்தை முன்பின் தெரியாத நூறு பேருக்குத் தள்ளும் அப்பாவி வியாபாரியும் அதில் மாட்டுவார். அதனால் வாடிக்கையாளர் பேர், நம்பர், பாக்கி மூன்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கும்படி ஊர் வியாபாரிகளிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

மளிகைக் கடைக்காரர், குன்றக்குடி: ஆர்டர் வாட்ஸப்பில், பணம் வேறு ஆப்பில், அதன் ஸ்கிரீன்ஷாட் மறுபடி வாட்ஸப்பில். ஏன் அண்ணே இந்தச் சுற்று?

வாட்ஸப்பிலேயே பணம் அனுப்பலாம் தம்பி. 2018ல் வெள்ளோட்டம் விட்டார்கள். அனுமதி 2020 நவம்பரில்தான் வந்தது, அதுவும் 2 கோடிப் பேருக்கு மேல் கூடாதென்று. வரம்பு மெல்ல மெல்ல ஏறி 2024 டிசம்பர் 31ல்தான் நீங்கியது. அதற்குள் ஊர் ஜிபேக்கும் போன்பேக்கும் பழகிவிட்டது. பிரேசிலில் இதே வசதியை 2020 ஜூனில் தொடங்கிய சில நாளிலேயே மத்திய வங்கி நிறுத்தி வைத்தது. சீனாவில் பேச்சு, கடை, கல்லா எல்லாமே வீசாட் என்ற ஒரே ஆப். கென்யாவில் இந்த ஆப்புகளுக்கெல்லாம் முன்பே, 2007லேயே, பட்டன் போனில் பணம் அனுப்பும் எம்-பெசா வந்துவிட்டது. என்னைக் கேட்டால் நம் சுற்றுவழியே தேவலை. பேச்சும் கல்லாவும் ஒரே முதலாளியிடம் சிக்கவில்லை.

ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கை எடுத்துக் கொடுக்காதீர்கள். அது வெறும் படம். படம் வரைய யாருக்கும் தெரியும். வங்கிக் கணக்கில் விழுந்ததா என்று பார்த்துவிட்டு அரிசியை நிறுங்கள்.

வீடு கட்டுபவர், திருப்பத்தூர்: ஆத்தங்குடி டைல்ஸை வாட்ஸப் படம் பார்த்து ஆர்டர் கொடுத்தேன். வந்தது வேறு நிறமாகத் தெரிகிறதே?

கண்ணாடி மேல் கையால் சாயம் ஊற்றி, வெயிலில் காயவைத்துச் செய்கிற சரக்கு அது. ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஆத்தங்குடி எவ்வளவு தூரம்? பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம்.

பெண்ணைப் பெற்றவர், கண்டரமாணிக்கம்: கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பினால் குறையா?

பங்காளிகளுக்கும் தாய்மாமனுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளை காது குத்து வரைக்கும் அந்தப் பேச்சு ஓயாது. மற்றவர்களுக்கு வாட்ஸப் போதும், கூடவே ஒரு போன். வெறும் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ அனுப்புங்கள். காரணம், கல்யாணப் பத்திரிகை என்ற பேரில் 'ஏபிகே' என்று முடியும் கோப்பை அனுப்பி, திறந்தவர் போனுக்குள் புகுந்து பணத்தை வழிக்கிறார்கள். அப்படி வந்தால் சொந்த மருமகனே அனுப்பியிருந்தாலும் திறக்காதீர்கள்.

சிங்கப்பூர்வாசி: ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை வாட்ச்மேன் வீடியோவில் காட்டுகிறார். மழை ஒழுகுவதுகூடத் தெரிகிறது. நேரில் வர வேண்டுமா?

ஒழுகுவது தெரியும். கறையான் ஸ்டேட்டஸ் போடாது.

குரூப் அட்மின், பட்டமங்கலம்: 'பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள், உடனே பகிரவும்' என்று வந்தது. பகிரவா?

வேண்டாம் தம்பி. இதில் எனக்கு வேடிக்கை வராது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். இதே மாதிரி வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. நாடு முழுக்க இப்படிப் பல சாவுகள் விழுந்த பிறகே, அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸப் கட்டுப்படுத்தியது. ஆறாவது ஆளைத் தடுக்க ஆப் இருக்கிறது. முதல் ஐவரைத் தடுக்க அட்மின் நீங்கள்தான்.

பெயர் வேண்டாம், காரைக்குடி: கடன் வாங்கியவன் நீல டிக் காட்டிவிட்டுப் பதிலே போடுவதில்லை. கோர்ட்டில் நிற்குமா?

2018ல் ஒரு பாக்கி வழக்கில், வாட்ஸப்பில் வந்த நோட்டீஸை எதிராளி திறந்து பார்த்ததற்கு நீல டிக்கே போதும் என்று மும்பை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. வக்கீலைப் பாருங்கள். அவன் டிக்கை அணைத்து வைக்கக் கற்றுக்கொள்வதற்குள் போங்கள்.

மருமகள், கண்டரமாணிக்கம்: போலீஸ் உடுப்பில் ஒருவன் வாட்ஸப் வீடியோவில் வந்து, 'உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்' என்று மாமனாரை மிரட்டினான். நிஜமாக அப்படி உண்டா?

சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூடப் போலீஸ் வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்த முறை மாமனார் அழைப்பைத் துண்டித்துவிட்டுக் காபி குடிக்கட்டும். ஒருவேளை பணம் அனுப்பியிருந்தால், ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று ஒளித்து வைக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறிப் போகுமுன் நிறுத்திவைக்க வழி உண்டு.