ரெஜிஸ்டர் நம்பரைக் காட்டு, மருமவனே

டாக்டர் மருமவனே, ஆசுபத்திரி வேலைய விட்டுட்டு, வீட்டுல இருந்துக்கிட்டே போனுல வைத்தியம் பாக்குத கம்பெனியில சேந்துட்டேன்னு உங்கம்மா சொன்னா. மேலுக்குச் சட்டையும் கோட்டும், கீழுக்குச் சாரம். வேல கொள்ளாம். ஆனா திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுல இருந்து ஒரு பய வரமாட்டேங்கான், கிழக்கேகோட்டைக்காரனுக்கு விவரம் பத்தலன்னு நீ சடைச்சுக்கிட்டதாவும் கேள்விப்பட்டேன். அவனுக்கு விவரம் இருக்கப்போயிதான் வரல்ல, கேட்டியா.

நான் பழவங்காடிப் பிள்ளையாரை நம்பித் தேங்கா விக்கிறவன். பட்டாளத்துக்காரன் நடத்துற கோயிலாக்கும். திருவிதாங்கூர் படையோட பத்மநாபபுரத்துல இருந்து இங்க வந்த சாமின்னு சொல்லுவாவ. அப்பிடிப் பாத்தா பிள்ளையாரும் நம்மளப் போல தெக்க இருந்து பொழைக்க வந்தவருதான். தேங்கா வாங்குறவன் அடுத்த நிமிஷமே அதைக் கல்லுல எறிஞ்சு சில்லுச் சில்லா ஒடைக்கப் போறான். ஆனாலும் காதுல வச்சுக் குலுக்குவான், விரலால சுண்டுவான், மூணு காயை மாத்திட்டு நாலாவதைத்தான் எடுப்பான். ஒடைக்கப்போற காய்க்கே இந்தப் பாடுன்னா, ஒடையாம இருக்கணும்னு வேண்டிக்கிடுத ஒடம்ப ஒரு ஆளு தொடாமப் பாக்க விடுவானா?

தட்டிப் பாக்கது ஒண்ணும் பட்டிக்காட்டு வேலை இல்ல. ஆஸ்திரியாவுல ஆவுன்புருக்கர்னு ஒரு டாக்டரு, சத்திரக்காரன் மவன். அப்பன் வைன் பீப்பாயத் தட்டிப் பாத்து அளவு சொல்லுறதைக் கண்டு படிச்சவருன்னு சொல்லுவாவ. நெஞ்சைத் தட்டி நோயைக் கண்டுபிடிக்கதப் பத்தி 1761-ல புத்தகமே போட்டாருன்னு நீதான் படிக்கும்போது பெருமையா அளந்தே. பிறவு 1816-ல பாரீசு லேனெக்கு கதையும் சொன்னே. ஒரு பொம்பளையோட நெஞ்சுல காது வைக்கக் கூச்சப்பட்டு, காயிதத்தைச் சுருட்டி வச்சுக் கேட்டாராம். அதுதான் இப்ப உன் கழுத்துல தொங்குத குழலு. அதுவும் எட்ட நின்னு பாக்குத வைத்தியந்தான், ஒரு முழம் எட்ட. அதனால எட்ட இருக்கதே தப்புன்னு சொல்ல நான் வரல்ல.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்ல. மெடிக்கல் காலேஜு வளாகத்துல இருக்க ஆர்.சி.சி. கேன்சர் ஆசுபத்திரியும் வெள்ளயம்பலத்து சி-டாக் கம்ப்யூட்டர் மையமும் சேந்து இருபது வருஷத்துக்கு முன்னாலயே ‘ஆங்கோநெட்’னு ஒண்ணு கொண்டுவந்தாவ. கண்ணூரு, கோழஞ்சேரிப் பக்கத்துக் கேன்சர் நோயாளிமாரு மறுபார்வைக்கு ரயில்ல குத்தவச்சு இங்க வரவேண்டாம். பக்கத்து சென்டருக்குப் போயி இருந்தாப் போதும், இங்கன இருக்க டாக்டர் கேமராவுல பேசிருவாரு. ஏன் அவன் நம்பினான்? அந்த டாக்டரு அவனை ஏற்கெனவே தொட்டுப் பாத்தவரு. கட்டடம் இருக்க எடம் தெரியும். எதாவது கோளாறுன்னா எந்த வாசல்ல போயி நிக்கணும்னு தெரியும். உனக்கு அந்த வாசல் எங்கடே இருக்கு?

சண்டை போடத்தான் வாசல் தேடுதோம்னு நெனச்சிராத. சரி, அதுக்குந்தான்.

உங்க ஆளுவ பயந்த கதையும் எனக்குத் தெரியும். 2018 ஜூலை 25-ல பம்பாய் ஹைகோர்ட்டு ஒரு உத்தரவு போட்டுது. ரத்னகிரியில புருசனும் பொஞ்சாதியுமா ரெண்டு டாக்டரு. சிசேரியன் பண்ணி வீட்டுக்குப் போன பொண்ணு வாந்தியோட திரும்பி வந்திருக்கு. ரெண்டு பேரும் ஊர்ல இல்ல. போனுலயே சேத்துக்கிடச் சொல்லி, போனுலயே மருந்தும் சொல்லியிருக்காவ. பொண்ணு போயிட்டு. முன்ஜாமீன் கேட்டதுக்குக் கோர்ட்டு தர மாட்டேன்னுட்டு. நோய் என்னன்னு கண்டுபிடிக்காம மருந்து சொல்லுதது குத்தமான அலட்சியம்னு எழுதி வச்சுது. அதோட நாடு முழுக்க டாக்டர்மாருக்குப் போனைத் தொடவே கை நடுங்கிச்சு. என்னைக் கேட்டா, அந்தக் கேசுல போனு மேல குத்தம் இல்ல. படுக்கையில ஆளைக் கிடத்திட்டு, பொறுப்பா ஒரு டாக்டரைப் பக்கத்துல நிறுத்தாமப் போனதுதான் குத்தம். ஆனா அப்ப போனு வைத்தியத்துக்குன்னு தனியா ஒரு சட்ட வரியும் கெடையாது. எது சரி, எது தப்புன்னு எவனுக்கும் தெரியாது.

அந்த வரி வந்த நாளைப் பாரு. 2020 மார்ச் 25. நாடே கதவடைச்ச மொத நாளு. களியக்காவிளையில பாதைய அடைச்சு, நாரோயில்ல இருக்கவன் இங்க மெடிக்கல் காலேஜுக்கு வர முடியாம நின்ன காலம். எத்தனையோ வருஷமா யோசிச்சுக்கிட்டே இருந்தவங்க, ஊரடங்கு வந்ததும் வழிகாட்டிய வெளிய விட்டுட்டாவ. மெடிக்கல் கவுன்சில் எடத்துல அப்ப ஒரு நிர்வாகக் குழு இருந்துது. அதுவும் நிதி ஆயோக்கும் சேந்து செஞ்ச வேலை. மே மாசம் கெஜட்டுலயும் போட்டு, 2002 ஒழுக்க விதியில அஞ்சாம் பின்னிணைப்பா ஒட்டவச்சாச்சு. 2023 ஆகஸ்ட் 2-ல புதுசா ஒரு விதி கொண்டாந்து, அதே மாசம் 23-ல நிறுத்திவச்சு, பழசுக்கே திரும்ப உயிரு குடுத்த கூத்தையும் பாத்தோம்.

நீ அந்தப் பின்னிணைப்ப முழுசா வாசிச்சியா? சும்மா கேட்டேன். நான் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வயித்தாலைக்கு உப்புச் சர்க்கரைப் பொடி, இதெல்லாம் போனுல குரலைக் கேட்டே சொல்லலாம். அதுக்கு மேல உள்ள ஒரு பட்டியலுக்கு, மொதத் தடவை பாக்குத ஆளுன்னா வீடியோவுல மொகத்தைப் பாக்கணும். இன்னொரு பட்டியல், நேருல பாத்து ஆறு மாசத்துக்குள்ள அதே நோய்க்குத் திரும்ப வாரவனுக்குத்தான். போதை மருந்து, ‘எக்ஸ்’ அட்டவணை மருந்து, வாயே தொறக்கப்படாது. இது நல்ல ஏற்பாடு. எழுதினவன் நோயாளியக் கண்டவன்.

ஆனா வீடியோவுல மொகத்தைப் பாக்கணும்னு எழுதினவன் உங்க ஆச்சியக் கண்டதில்ல. போன மாசம் அவளுக்கு முட்டு வலி. பேரன் உன்னைப்போல ஒரு டாக்டரப் போனுல புடிச்சுக் குடுத்தான். எந்தக் கம்பெனின்னு கேக்காத, சொல்ல மாட்டேன். போனுன்னா காதுல வைக்கதுதானே? ஆச்சி வச்சுக்கிட்டா. அங்க டாக்டருக்குத் தெரிஞ்சதெல்லாம் தோள் வரைக்கும் தொங்குத காதும் அதுல ஆடுத பாம்படமும். அவரு “அம்மா, போனை முன்னால புடிங்க”ங்காரு. இவ “முன்னாலயும் இப்பிடித்தான் இருந்துது, மழை பேஞ்சாக் கூடும்”ங்கா. பேரன் புடுங்கித் திருப்பினான். இப்ப கூரை தெரிஞ்சுது. அதுக்குள்ள படம் நின்னுபோச்சு. சத்தம் மட்டும் வந்துது. கடைசியில பாத்தா மருந்துச் சீட்டு வந்து விழுந்துட்டு! முட்டைக் கண்ணால காணல்ல, மருந்து மட்டும் வந்துட்டு. மொகத்தைப் பாக்கணும்ங்கிற விதியும் தீந்துபோச்சு, பாதி மொகம் பாத்தாச்சுல்லா. சீட்டைக் கொண்டு மருந்துக்கடையில காட்டினா அவன் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு, போனை அங்கயும் இங்கயும் திருப்பி, “கையெழுத்து எங்க?”ன்னு கேட்டான். சட்டப்படி மின் சீட்டும் சீட்டுதான். அவனுக்கு அதை யாரு சொல்ல?

இன்னும் ஒண்ணு கேளு, இதுதான் நீங்க காணாத எடம். ஆச்சிக்குப் பதிலா எல்லாக் கேள்விக்கும் பேரனே பதில் சொன்னான். வெளிக்குப் போறது எப்பிடி, மூத்திரம் போறப்போ எரியுதா, எல்லாத்துக்கும் அவன் வாயிலதான் பதில். அவ வாயப் பொத்திக்கிட்டுச் செவுத்தைப் பாத்தா. கரிமடம் காலனியில ஒத்த அறையில ஆறு பேரு இருக்க வீட்டுல, போனு வீட்டு மருமவன் கையில இருக்கு. அந்த வீட்டுப் பொம்பளை தன் ஒடம்பைப் பத்தி என்னத்தைப் பேசிருவா? ஆசுபத்திரியில ஒரு திரைச்சீலையாவது தொங்கும். நோயாளியே கூப்பிட்டா சம்மதம் தன்னால வந்ததா எடுத்துக்கலாம், கூட இருக்கவனோ நர்சோ கூப்பிட்டா நோயாளிகிட்டயே வெளிப்படையாச் சம்மதம் கேட்டு எழுதி வைக்கணும்னு விதியில இருக்கு. கேட்டாரா அந்த டாக்டரு? எப்பிடிக் கேப்பாரு, காதுல்லா தெரிஞ்சுது. நீயாவது மொதல்ல, “பக்கத்துல யாரும்மா இருக்காவ, கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க”ன்னு சொல்லிப் படி. அதுக்கு ஆப்பு ஒண்ணும் வேண்டாம்.

ரகசியம் காக்கதப் பத்தி விதியில உள்ள ஒரு வரி எனக்கு ரொம்பப் புடிச்சுது. நோயாளியோட விசயம் தொழில்நுட்பக் கோளாறாலயோ வேற ஆளாலயோ வெளிய போச்சுன்னு நியாயமா நம்ப எடம் இருந்தா, டாக்டரு பொறுப்பில்லையாம். நல்லாருக்கு. பழி போடுறதுக்கு ‘சர்வர்’னு ஒரு அப்பாவி கெடச்சான். அவனுக்கு மோரு கூட வாங்கிக் குடுக்காண்டாம். 2023-ல தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு. அதை உன் கம்பெனிக்காரன் வாசிச்சானான்னு கேட்டுச் சொல்லு.

இனி சண்டைக்கு வாறேன். 1995-ல சாந்தா வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, காசு வாங்கிப் பாக்குத வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு சொல்லிட்டு. ஆனா எல்லாருக்குமே ஓசியாப் பாக்குத எடம் அதுல வராது. 2020 ஜூன்ல கேரளாவுல தொடங்கின இ-சஞ்சீவனி ஓசி வைத்தியம். அங்க கோளாறுன்னா நுகர்வோர் கோர்ட்டு வழி கஷ்டம், வேற வழிதான் பாக்கணும். உன்னது காசு வாங்குத வைத்தியம். நீ டெல்லியில இருந்து பாத்தாலும், கம்பெனி பெங்களூருல இருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி புகார் குடுக்கவன் அவன் குடியிருக்க ஊருலயே குடுக்கலாம். நாட்டுல எந்த மூலையில இருக்க நோயாளியையும் நீ பாக்கலாம்னு வழிகாட்டி உனக்கு வாசலத் தொறந்து விட்டுருக்கு. திருவனந்தபுரத்துல இருந்து உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்க அவனுக்கும் ஒரு வாசல் இருக்கு. இதை நீ பயந்து மறைக்காத. வெளம்பரம் மாதிரி வாசல்ல எழுதி ஒட்டு. “என்னைப் புடிக்க இங்க வா”ன்னு சொல்லுதவன்கிட்டதான் ஊரு போகும்.

அதுக்குத்தான் விதியில ரெஜிஸ்டர் நம்பரைச் சீட்டுல, ரசீதுல, பேசுத செய்தியில எல்லாம் போடச் சொல்லியிருக்கான். நோயாளியும் பேரில்லாதவனா வரப்படாது, டாக்டரும் வரப்படாது. உன் ஆப்புல நான் கண்டதென்ன? சிரிச்ச மொகம், நட்சத்திரம் நாலரை. நம்பரைக் காணோம். நட்சத்திரம் பாக்கதுக்கு எனக்கு ஜோசியன் இருக்கான்டே.

மஸ்கட்டுல இருக்க அக்காளுக்கு ராத்திரி ராத்திரி மருந்து சொல்லுதியாமே? சொந்தக்காரின்னு விட்டுட்டாலும் இதைத் தெரிஞ்சுக்கோ: அந்த வழிகாட்டி இந்தியாவுக்கு வெளிய உள்ள ஆலோசனைய எடுத்துக்கிடவே இல்ல. இந்த ஊருல வீட்டுக்கு ஒரு ஆளு கல்ஃபுல. அத்தனை பேரும் இங்க உள்ள டாக்டரைத்தான் கூப்பிடுவான், மலையாளத்துலயும் தமிழ்லயும் வலியச் சொல்ல வேற ஆளு யாரு? அங்கிட்டுள்ள சட்டம் என்ன சொல்லும்னு கேட்டுட்டுச் செய்யி.

கடைசியா, உன் கம்பெனிக்காரன் எனக்கு ஒரு கூப்பன் அனுப்பியிருக்கான். மொதத் தடவை ஓசி, ஒரு ஆளைச் சேத்துவிட்டா அம்பது ரூவா. அதுல உன் படமும் இருக்கு, நல்லாத்தான் இருக்கே. வெளம்பரம் செஞ்சோ ஆசை காட்டியோ டாக்டரு நோயாளியப் புடிக்கப்படாதுன்னு அதே பின்னிணைப்பு சொல்லுதே, மருமவனே! கூப்பனை அவன் அடிச்சான், மூஞ்சி உன்னுது. கவுன்சிலு கேட்டா அவன் ‘நான் வெறும் ஆப்பு’ம்பான்.

அதே பக்கத்துல இன்னொரு தப்பையும் எழுதியிருக்கான். நோயாளி நேருல வாறேன், வர மனசு இருக்குன்னு சொல்லும்போது, இல்ல போனுலதான் பாப்பேன்னு டாக்டரு அடம் புடிக்கப்படாது, அது நடத்தைக் கேடு. ஆச்சிக்கு இன்னும் முட்டு வலி குறையல்ல. உன்னை நேருல பாக்கணும்னு இப்ப, பத்து மணிக்கு, என் முன்னால வச்சுக் கேட்டுட்டா. நானும் பேரனும் சாட்சி. அவளாலதான் நடக்க முடியல்ல, நீ ஞாயித்துக்கெழம ரயிலேறி தம்பானூர்ல எறங்கி நடந்தே வந்துரலாம். பீசை விதிப்படி ரசீதோட வாங்கிக்கோ, நம்பரை அதுல எழுது. கேமராவுல பாத்தாப் போதும்னு மட்டும் சொல்லிராத. கவுன்சிலுக்குப் புகாரு எழுதப் பேரன் காயிதத்தை எடுத்து வச்சுட்டான்.