துண்டு விழுந்த சீசன்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிக்காரனிடம் போனில் யாரும் "நல்லா இருக்கியா?" என்று கேட்பதில்லை. "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்பார்கள். கேட்கிறவர் பத்து மாதமாக நம்மை நினைத்தே இருக்க மாட்டார். "விழுது" என்று சொல்லிவிட்டால் போதும், வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, சனிக்கிழமை காலையில் பையும் பக்கெட்டுமாக நம் வாசலில் நிற்பார். "இன்னும் விழல" என்று நான் பொய் சொல்லியும் பார்த்திருக்கிறேன். முன்பு அது செல்லுபடியானது. இப்போது ஐந்தருவியில் நிற்கிற எவனாவது வீடியோ எடுத்துப் போட்டுவிடுகிறான். ஐந்து கிளையும் கொட்டுகிற சேதி எனக்கு முன்னால் கோயம்புத்தூரில் இருக்கிற தங்கச்சிக்குத் தெரிகிறது.

எங்கள் வீட்டிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தென்காசியைத் தனி மாவட்டம் ஆக்கியது 2019 நவம்பரில். எங்கள் வீட்டைச் சொந்தக்காரர்கள் தனி லாட்ஜ் ஆக்கி அதற்குள் இருபது வருஷம் ஆகியிருந்தது. போன சீசனில் மட்டும் ஆறு சனி, ஞாயிறு விருந்து. ஆவணி பிறந்தபோது என் மனைவி கிரைண்டரைக் கட்டிப்பிடித்து அழாத குறை.

இந்த வருஷம் வைகாசியிலேயே சொல்லிவிட்டாள். "எல்லாரையும் ஒரே தடவையா வரச் சொல்லுங்க. குத்தாலத்துல ஒரு பங்களா பிடிங்க. என் அடுப்படிப் பக்கம் ஒருத்தரும் வரப்பிடாது."

கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூடாது என்பார்கள். அதாவது பரவாயில்லை, வியாபாரம். தென்காசியில் வீட்டை வைத்துக்கொண்டு குற்றாலத்தில் வாடகை கொடுத்துத் தங்குகிறவனை என்ன சொல்வது? பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் மதுரைக்குப் போகிறோம் என்று சொல்லி வைத்தேன்.

பங்களா என்ற சொல்லை மாற்றியவன் தங்கச்சி மகன். ஜெர்மனியில் இருக்கிறான். "மாமா, பங்களான்னு தேடாதீங்க, வில்லான்னு தேடுங்க" என்றான். போன கோடையில் அவன் கிரீஸ் நாட்டில் கலமாட்டாவுக்குத் தெற்கே ஸ்டூபா என்கிற கடலோர ஊரில் ஒரு வில்லா எடுத்திருந்தான். முன்னால் கடல், பின்னால் மலை, நடுவில் ஆலிவ் தோப்பு, ஐந்து படுக்கையறை, நீலமாக ஒரு நீச்சல் குளம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பது படம் போட்டான். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஏல, ஒரு ஆளக் கூடக் காணுமே? யாருமே இல்லாத வீட்டுக்கா துட்டுக் குடுத்துப் போயிருக்கான்?" என்றாள்.

ஸ்டூபா என்ற பேரைக் கேட்டதும் எனக்குக் கிரேக்க எழுத்தாளர் நிகோஸ் கசான்ட்சாகிஸ் ஞாபகம் வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் சோர்பா என்ற மனிதரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் நடத்தியது அந்த ஊர்ப் பக்கம்தான். 1946இல் வந்த நாவலில் அந்த மனிதரே கதாநாயகன் ஆனார். மருமகனிடம் இதைச் சொன்னேன். "அப்படியா மாமா? அங்க வைஃபை ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றான்.

அவன் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு உறைத்தது. கோடையில் அங்கே மழை வாசனையே கிடையாதாம். குளித்துவிட்டு வந்து துண்டை நாற்காலியில் போட்டால் அரை மணி நேரத்தில் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளுமாம். ஐரோப்பாக்காரன் காய்வதற்குப் பணம் கட்டுகிறான். நாம் நனைவதற்கென்றே ரயிலேறி வருகிற இனம். இந்த வித்தியாசத்தை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

குற்றாலத்தில் வீடு பிடித்துச் சீசன் முழுக்கத் தங்குவது பழைய பெரிய மனுஷர்களின் வழக்கம். திருவிதாங்கூர் ராஜா அரண்மனையே வைத்திருந்தார், அது இன்றைக்கும் கேரள அரசின் கையில்தான் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில், 1954இல் கண் மூடும்வரை, இங்கேதான் குடியிருந்தார். ராஜாஜி, கல்கி என்று வந்துகொண்டே இருந்தார்கள். கம்பன் பாட்டை டி.கே.சி. சொல்லக் கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் இதைப் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அத்தன பேருக்கும் சமைச்சது யாருன்னு யாராவது எழுதியிருக்காங்களா?" தமிழ் விமரிசகர்கள் யாரும் இந்தக் கோணத்தில் போனதாகத் தெரியவில்லை. இன்னொருவர் திரிகூட ராசப்பக் கவிராயர். குறவஞ்சி பாடியதற்கு மதுரை நாயக்க மன்னர் அவருக்கு நிலமே மானியம் கொடுத்தார், குறவஞ்சிமேடு என்று பேர். அட்வான்ஸ் கட்டாமல் குற்றாலத்தில் இடம் பிடித்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

நான் அட்வான்ஸ் கட்டினேன். ஐந்தருவி போகிற ரோட்டில் தென்னந்தோப்புக்குள் வீடு. படத்தில் நீச்சல் குளத்துக்குப் பின்னால் அருவி கொட்டியது. நேரில் போனால் குளத்துக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர். அருவி எங்கே என்று வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கேட்டேன். ஒல்லியான ஆள், தலையில் ஈரோட்டுத் துண்டால் உருமா கட்டியிருந்தார். "மாடியில வாட்டர் டேங்குக்கு அந்தப் பக்கமா எட்டிப் பாத்தா மலை தெரியும் சார். மேகம் வெலகணும்" என்றார். நாங்கள் இருந்த மூன்று நாளும் மேகம் விலகவில்லை.

"எத்தன உருப்படி?" என்று அடுத்துக் கேட்டார்.

பதினாலு என்றேன். பொய் இல்லை. நாங்கள் நாலு, சென்னை அண்ணன் வீட்டில் நாலு, தங்கச்சி வீட்டில் மருமகன் குடும்பத்தோடு ஐந்து, கடையநல்லூர்ச் சித்தப்பா ஒருத்தர். பதினாலுக்கு மேல் போனால் தலைக்கு 300 என்று பேச்சு. என் மனைவி காரிலிருந்து ஒரு கட்டை இறக்கினாள். புதுத் துண்டு, வெள்ளையில் சிவப்புக் கரை, இரண்டு டஜன். "பதினாலு பேருக்கு எதுக்கு இருபத்தி நாலு?" என்றேன். "உங்க ஆளுகள உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

சாயங்காலத்துக்குள் தெரிந்தது. சித்தப்பா சித்தியையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் கூட்டி வந்தார். "பிள்ளைகளை எண்ணுவாங்களா என்ன?" அண்ணனுடைய சம்பந்தி வீட்டார் நாலு பேர் திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்புகிற வழியில் நுழைந்தார்கள். திருச்செந்தூரிலிருந்து மதுரைக்குக் குற்றாலம் எப்படி வழி என்று நான் கேட்கவில்லை, சம்பந்தியாச்சே. தங்கச்சி வீட்டு அத்தானின் தம்பி, அவர் சம்சாரம், மகன். மொத்தம் இருபத்தி நாலு. ஒரு துண்டு மிஞ்சவில்லை, ஒரு துண்டு குறையவில்லை.

சகல வசதியும் உள்ள கிச்சன் என்று விளம்பரத்தில் இருந்தது. திறந்து பார்த்தால் ஒரு தோசைக்கல், ஆறு தட்டு, நீண்ட காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பை ஒரு டஜன். திருவலை கிடையாது. நெல்லைப் பக்கத்துக் குடும்பத்தைச் சொதி வைக்கச் சொல்லிவிட்டுத் திருவலை இல்லை என்றால் எப்படி? தங்கச்சி ஒரு மூடித் தேங்காயை ஸ்பூனால் சுரண்டிப் பார்த்துவிட்டு ஸ்பூன் வளைந்ததும் நிறுத்தினாள். ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு ஆள் போனது. திருவலை வந்தது. அடுத்த நடையில் மிக்ஸி, இட்லிச் சட்டி, பெரிய குக்கர். மூன்றாவது நடையில் கிரைண்டர். அது தன்னுடையது என்பதால் என் மனைவியே கூட இருந்து ஆட்ட வேண்டியதாயிற்று. அவள் அடுப்படிப் பக்கம் ஒருத்தரும் வரவில்லைதான். அடுப்படி ஐந்து கிலோமீட்டர் நகர்ந்து வந்திருந்தது.

முதல் நாள் ஒருத்தரும் குளிக்கவில்லை. மலையில் நல்ல மழை. பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை, போலீஸ் விசில். ஐந்தருவியிலும் தடை. கார்கள் போய்ப் பார்த்துவிட்டு ரம்புட்டானும் நேந்திரம் சிப்ஸும் வாங்கிக்கொண்டு திரும்பின. நீச்சல் குளத்தில் குளிக்கலாமே என்று மருமகன் சொன்னான். எல்லாரும் வரிசையாகப் போய் எட்டிப் பார்த்தோம். ஒரு தென்னை ஓலையும் அதன் மேல் ஒரு தவளையும் மிதந்தன. "குத்தாலத்துல வந்து தொட்டித் தண்ணியில குளிச்சான்னு வெளிய தெரிஞ்சா பொண்ணு குடுப்பானா?" என்று சித்தப்பா திரும்பிவிட்டார். மருமகனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்ததால் அவன் மட்டும் இறங்கினான்.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு ஐந்தருவியில் விட்டார்கள். அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. ஐந்தருவி, இட்லி, பழைய குற்றாலம், சோறு, தூக்கம், புலியருவி, பஜ்ஜி. சோப்பும் ஷாம்பூவும் அருவியில் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருப்பதால், அருவியில் குளித்தவர்கள் சோப்புப் போட வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை குளித்தார்கள், அதுவும் வெந்நீரில். நாலு கீசரையும் ஒன்றாகப் போட்டதில் இரண்டு தடவை ட்ரிப் ஆனது.

இப்போது துணி. இருபத்தி நாலு பேர், ஒரு நாளைக்கு மூன்று குளியல். கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே எல்லா மழையையும் கொட்டிவிட்டு வர வேண்டியது. ஆரியங்காவுக் கணவாயில் மலை கொஞ்சம் குனிந்து வழிவிடுகிறது. அந்தச் சந்து வழியாகக் காற்றும் தூறலும் சேர்ந்து எங்கள் பக்கம் பாய்வதுதான் சாரல். தென்காசிக் கோபுர வாசலில் நின்றால் ஆளையே தள்ளுகிற காற்று. ஆனால் அந்தக் காற்றில் ஒரு கைக்குட்டை காயாது. பறக்கும், அடித்துக்கொள்ளும், ஆனாலும் காயாது.

தாழ்வாரத்தில் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாக ஏழு கொடி கட்டினோம். நிறைந்தது. ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, நீச்சல் குளத்துச் சாய்வு நாற்காலிகள் நிறைந்தன. அண்ணன் தன் பனியனை இன்வெர்ட்டர் மேல் போட்டு, "சூடா இருக்குல்லா" என்று தன் கண்டுபிடிப்பை விளக்கினார். மருமகள் ஒருத்தி தலைமுடி உலர்த்துகிற மிஷினால் ஒரு ஜட்டியை இருபது நிமிஷம் ஊதினாள். அத்தான் காரை ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரைப் போட்டு, ஸ்டியரிங்கில் வேட்டியை விரித்தார். டீசலுக்கு ஆன காசில் புது வேட்டி எடுத்திருக்கலாம். படுக்கையறை மூன்றில் ஃபேனை முழு வேகத்தில் வைத்துக் கட்டில், பீரோ எல்லாவற்றிலும் துணியை விரித்துக் கதவைச் சாத்தினோம்.

ஆக, மனுஷர் படுக்க ஹால்தான். நாலு படுக்கையறை வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்றில் துணிகள் நிம்மதியாகப் படுத்துக்கொண்டன. நாலாவதில் ஏசி இருந்தது, சம்பந்திக்குக் கொடுத்தோம். ஹாலில் பாய் விரித்து வரிசையாகப் படுத்ததில் நடுராத்திரி பாத்ரூம் போவதற்குக் கண்ணிவெடி நிலத்தில் நடக்கிற பக்குவம் வேண்டியிருந்தது. அம்மா நடுவில் படுத்துக்கொண்டு நாலாபுறமும் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஜெர்மனிக்காரனைக் கூப்பிட்டு, "இந்தா, இப்ப ஒரு படம் எடுல" என்றாள்.

மூன்றாம் நாள் காலை கணக்குத் தீர்க்க வாட்ச்மேன் அண்ணாச்சி வந்தார். பதினொரு பேருக்குத் தலைக்கு 300, மொத்தம் 3,300 என்றார்.

"பத்து பேருதான் அண்ணாச்சி கூட."

"பதினொண்ணு சார். நான் ஆள எண்ண மாட்டேன். ஆளுக நிக்க மாட்டாக, ஓடிட்டே இருப்பாக. கொடியத்தான் எண்ணுவேன். குத்தாலத்துக்கு வந்தவன் துண்டு இல்லாம வர மாட்டான். கொடியில இருபத்தி அஞ்சு துண்டு தொங்குது. எண்ணிக்கிடுங்க."

எண்ணினேன். இருபத்தைந்து. அத்தான் எண்ணினார், இருபத்தைந்து. என் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் கடையில எண்ணி வாங்கினது ரெண்டு டஜன். அதெப்படிக் குட்டி போடும்?" ஆளுக்கு ஒரு துண்டு என்றால் இருபத்தைந்தாவது ஆள் யார்? சம்பந்தி வீட்டு டிரைவர் ராத்திரி வந்து படுத்தானா? சித்தப்பா மூன்றாவதாக ஒரு பேரனை ஒளித்து வைத்திருக்கிறாரா? அவர் கோபித்துக்கொண்டு தன் பேரப்பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி எண்ணிக் காட்டினார். அண்ணாச்சி மழைக்கு வெறுந்தலையைக் கையால் மூடியபடி வாசல்படியில் பொறுமையாக நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. 3,300 கொடுத்தேன். பட்ஜெட்டில் ஏற்கெனவே விழுந்திருந்த துண்டோடு இந்தத் துண்டும் சேர்ந்தது.

ஈரத் துணியைப் பாலித்தீன் பைகளில் அமுக்கிக் கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குக் கிளம்பினார்கள். துண்டுகளை மட்டும் என் மனைவி விடவில்லை. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடி ஷெட்டில் மறுபடி விரித்தாள். விரித்துக்கொண்டே எண்ணினாள். இருபத்தி நாலு புதுசு. ஒன்று பழசு. அதுவும் ஈரோட்டுத் துண்டு, அதுவும் சிவப்புக் கரை. ஆனால் கரை வெளுத்து, உருமா கட்டிக் கட்டி நடுவில் மடிப்பு விழுந்திருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என் போன் அடித்தது. வாட்ச்மேன் அண்ணாச்சி.

"சார், மழைக்கு நனஞ்சிருச்சேன்னு நேத்து நம்ம துண்டையும் உங்க கொடியில ஒரு ஓரமாப் போட்டிருந்தேன். அங்கன வந்திருக்கா?"

வந்திருக்கிறது என்றேன். 300 ரூபாய் விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று தொண்டையைச் செருமினேன். அவர் முந்திக்கொண்டார்.

"காஞ்சிட்டா சார்?"