வாயிருந்தால் வங்காளம் போகலாம், கனடாவுக்கு?

தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை: ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் என் மகளுக்குக் கேட்டலில் 7.5, படித்தலில் 7, பேச்சில் 7, எழுத்தில் மட்டும் 6. கல்லூரி கேட்பது எழுத்தில் 6.5. மூன்றாவது முறையாகப் பணம் கட்டச் சொல்கிறாள். இது ஆங்கிலத்துக்கு வைத்த தேர்வா, என் சேமிப்புக்கு வைத்த தேர்வா?

இரண்டுக்கும்தான். எழுத்தில் நாலு விஷயம் பார்க்கிறார்கள்: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, சொல்வது கோவையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் கோட்டை விடுவது முதல் இரண்டில். தென்னை மரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டு போனவன், பரீட்சையில் பசு வந்துவிட, பசுவைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு மரத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதினான் அல்லவா? பயிற்சி மையம் உருப்போட வைக்கும் முன்னுரைகள் அந்த ஜாதி. பணம் கட்டுமுன் மகளை ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, கேள்வியை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கேள்வி என்னவென்று உங்களால் ஊகிக்க முடியாவிட்டால் பசு இன்னும் மரத்தடியில்தான் நிற்கிறது.

கணினியில் எழுதியவர்கள் ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் வசதி இப்போது பல இடங்களில் உண்டு. அந்த மதிப்பெண்ணைக் கல்லூரி ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறுதலுக்கு ஒரு தகவல்: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913இல் முதன்முதலாக வெளிநாட்டாருக்கு ஆங்கிலத் தேர்வு நடத்தியது. மொத்தம் 12 மணி நேரம். எழுதியவர்கள் 3 பேர். மூவரும் பெயில்.

ஈரோட்டிலிருந்து ஒரு மாணவர்: திருத்துகிறவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் என் கதி?

உங்கள் பயத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1912இல் ஒரே ஆங்கில விடைத்தாளை 142 ஆசிரியர்களைக் கொண்டு திருத்த வைத்தார்கள். ஒருவர் நூற்றுக்கு 50 போட்டார், இன்னொருவர் 97. அதே தாள், அதே கையெழுத்து. இப்போதெல்லாம் திருத்துகிறவர்களுக்குப் பயிற்சி உண்டு, அளவுகோல் உண்டு, மேலே சரிபார்க்க ஆளும் உண்டு. இடைவெளி குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. அரை மதிப்பெண் வித்தியாசம் என்பது பல சமயம் அளவையின் ஆட்டம்தான், ஆளின் தரமல்ல. விசா அலுவலகத்துக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது வேறு கதை.

'மனிதரே வேண்டாம், இயந்திரம் திருத்தட்டும்' என்பீர்கள். எம்.ஐ.டி.யில் எழுத்துக் கலை நடத்திய லெஸ் பெரல்மன், தலையும் வாலும் இல்லாத கட்டுரைகளைத் தயாரிக்கும் ஒரு நிரலை மாணவர்கள் சிலரோடு சேர்ந்து எழுதினார். வாயில் நுழையாத சொற்கள், நீள நீளமான வாக்கியங்கள், அர்த்தம் மட்டும் கிடையாது. கட்டுரை திருத்தும் இயந்திரங்கள் அதற்கு அள்ளிக் கொடுத்தன. அயர்லாந்தில் பிறந்து வளர்ந்து, ஆங்கிலத்திலேயே பட்டங்கள் வாங்கிய ஒரு கால்நடை மருத்துவர், 2017இல் ஆஸ்திரேலிய விசாவுக்காகக் கணினி முன் ஆங்கிலம் பேசினார். சரளம் போதாது என்று கணினி சொல்லிவிட்டது. இனி உங்கள் சண்டைக்கார வாத்தியாரைக் கொஞ்சம் அன்போடு நினையுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: மொழித் தேர்வு வைத்து ஆளை உள்ளே விடாமல் தடுப்பது இந்தக் காலத்து அநியாயம்தானே?

அந்தக் காலத்து அநியாயத்தைக் கேளுங்கள். 1901இல் ஆஸ்திரேலியா ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. வெள்ளையர் அல்லாதவரை உள்ளே விடக்கூடாது என்பதுதான் நோக்கம். அதை அப்படியே எழுதினால் லண்டன் முகம் சுளிக்கும், ஜப்பான் கோபித்துக்கொள்ளும். இந்தியரும் பிரிட்டிஷ் பேரரசின் குடிகள் ஆயிற்றே. ஆகவே நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், 50 சொல் கொண்ட ஒரு பத்தியைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்று விதி செய்தார்கள். எந்த மொழியில்? அதிகாரி தேர்ந்தெடுக்கும் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில். ஆங்கிலம் தெரிந்த இந்தியர் வந்தால் வேறொரு மொழியை எடுத்துக்கொள்ளலாம். 1909க்குப் பிறகு இந்தத் தேர்வில் ஒருவரும் தேறவில்லை. தேறுவதற்காக வைத்ததல்லவே.

1934இல் பிராகைச் சேர்ந்த எழுத்தாளர் எகோன் கிஷ் போர் எதிர்ப்பு மாநாட்டில் பேச வந்தார். அரசுக்கு அவரைப் பிடிக்கவில்லை, இறங்க விடவில்லை. மெல்போர்னில் கப்பலிலிருந்து துறைமேடைக்குக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். மனிதருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். அதிகாரிகள் யோசித்துவிட்டு, சிட்னியில் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ஒரு பத்தியை வாசித்தார்கள். பெயில். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கேலிக்கை அந்தச் சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழியாகக் கொள்ள முடியாது என்று சொல்லி நீதிமன்றம் கிஷை விடுவித்தது. இதில் கொதித்தவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள்தான்: 'எங்கள் பாட்டன் பேசியது ஐரோப்பிய மொழி இல்லையா?' சட்டத்திலிருந்து அந்தத் தேர்வு போக 1958 ஆயிற்று.

கோவில்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியை: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஹி கோஸ்' என்று விதியோடு சொல்லிக் கொடுத்தேன். விதியைக் கேட்டால் ஒப்பிக்கிறார்கள். வாயைத் திறந்தால் 'ஹி கோ'. தமிழ் மூளை காரணமா?

தமிழ் மேல் பழி வேண்டாம் டீச்சர். 'போகிறான், போகிறாள், போகிறார்' என்று ஒவ்வொரு வினைக்கும் வால் ஒட்டிப் பேசும் பிள்ளைக்கு ஒரு 'ஸ்' ஒட்டுவது புதிய தத்துவமா என்ன? அமெரிக்கக் குழந்தைகளே அந்த 'ஸ்'ஸைப் பிந்தித்தான் பிடிக்கிறார்கள்; 'இங்' அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது என்று ராஜர் பிரவுன் 1973இல் எழுதினார். அடுத்த ஆண்டே டியூலே, பர்ட் என்ற இரு பெண்மணிகள், ஆங்கிலம் கற்கும் ஸ்பானிஷ் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் போகிறார்கள் என்றார்கள். தாய்மொழிக்கேற்ப வரிசை கொஞ்சம் முன்பின் ஆகும் என்று பிற்பாடு வந்தவர்கள் திருத்தினார்கள். பாடத்திட்டம் ஜூன் மாதம் என்று சொல்வதால் அந்த 'ஸ்' ஜூனில் வராது. யோசித்து எழுத நேரம் கொடுத்தால் சரியாக எழுதுகிறார்களா? அப்படியானால் உங்கள் பாடம் வீண் போகவில்லை. வாய்க்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவே.

மதுரையிலிருந்து ஓர் அம்மா: பிள்ளை தப்பாகப் பேசினால் உடனே திருத்தலாமா?

உங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.
'அம்மா, யெஸ்டர்டே ஐ கோ டு டெம்பிள்.'
'ஓ, யு வென்ட் டு த டெம்பிள்?'
'யெஸ், ஐ கோ.'
நீங்கள் திருத்தியதாக நினைத்தீர்கள். அவன் நீங்கள் ஆமோதித்ததாக நினைத்தான். கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்த லைஸ்டரும் ராண்டாவும் 1997இல் சொன்னது இதைத்தான்: ஆசிரியர்கள் பாதிக்கு மேல் இந்த நாசூக்கான முறையில்தான் திருத்தினார்கள், பிள்ளைகள் மிகக் குறைவாகக் காதில் வாங்கியதும் இதைத்தான். சரியானதை நீங்கள் சொல்லாமல் 'யெஸ்டர்டே ஐ...?' என்று பாதியில் நிறுத்திக் காத்திருங்கள். விருந்தாளி முன்னால் மட்டும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: சோதினையை மாற்றினால் படிப்பிக்கிற முறையும் மாறும் எண்டு சொல்லுகினம். உண்மையோ?

உங்கள் நாட்டிலேயே பார்த்துவிட்டார்கள். புதிய பாடநூலும் புதிய ஓ.எல். ஆங்கிலச் சோதினையும் வந்தபோது, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் டயான் வால், சார்ல்ஸ் ஆல்டர்சன் குழு இலங்கைப் பள்ளி வகுப்புகளைக் கவனித்து 1993இல் எழுதியது. என்ன படிப்பிக்கிறார்கள் என்பது மாறியது: சோதினையில் வருவது வகுப்பிலும் வந்தது, வராதது காணாமல் போனது. சோதினை நெருங்க நெருங்கப் பாடநூலை மூடிவிட்டுப் பழைய வினாத்தாள்களைத் திறந்தார்கள். எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்பது மட்டும் அசையவில்லை.

சேலத்திலிருந்து ஒரு தாத்தா: வயது 61. பேத்தி ஜெர்மனியில். ஜெர்மன் வருமா?

வரும். இணையத்தில் சுமார் 6.7 லட்சம் பேருக்கு ஆங்கில இலக்கணச் சோதனை வைத்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, இலக்கணம் பிடிக்கும் திறன் பதினேழு வயது வாக்கில் இறங்கத் தொடங்குகிறது என்றது. நீங்கள் பஸ்ஸைத் தவறவிட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதனால் என்ன? ஹவாய்த் தீவில் குடியேறிய ஒரு ஜப்பானிய ஓவியரை ரிச்சர்ட் ஷ்மிட் மூன்று ஆண்டு கவனித்தார். இலக்கணம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. மனிதரோ ஊரெல்லாம் நட்பு வைத்துக்கொண்டு, ஆங்கிலத்திலேயே அரட்டை அடித்துக் காலம் தள்ளினார். பேத்தி உங்களுக்கு மதிப்பெண் போடப் போவதில்லை.

பெயர் வேண்டாம் என்ற வாசகர், புதுச்சேரி: இரண்டு பெக் போட்டால் எனக்கு ஆங்கிலம் சரளமாக வருகிறது. அறிவியல் ஒப்புக்கொள்கிறதா?

ஊரைப் பார்த்ததுமே கேள்வியை ஊகித்துவிட்டேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாண்டர் கியோரா 1972இல் மாணவர்களுக்கு மது கொடுத்து, தாய்லாந்து மொழிச் சொற்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார். கொஞ்சமாகக் குடித்தவர்களின் உச்சரிப்பு மேம்பட்டது. அளவு கூடியதும் கெட்டது. உங்கள் இரண்டு பெக் எந்தப் பக்கம் என்பதைக் கேட்டவர்களிடம் விசாரிக்கவும், உங்களிடம் அல்ல. அதே கியோரா 1980இல் வேலியம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். மாத்திரையால் உச்சரிப்பில் சொல்லும்படியான மாற்றமில்லை. தேர்வு நடத்தியவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் முடிவுகள் மாறின. ஆகவே பேச்சுத் தேர்வுக்கு முந்தின இரவு மதுக்கடைப் பக்கம் போகாமல், எதிரே உட்காருபவர் சிரித்த முகமாக வரவேண்டும் என்று மணக்குள விநாயகருக்கு ஒரு தேங்காய் உடையுங்கள். செலவும் குறைவு.