மஃப்டியில் வந்தவர்கள்

ஐப்பசியில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போனால் முதலில் வந்து விசாரிப்பது கொசு. பறவையெல்லாம் அப்புறம்தான்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் அத்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்பதால், பறவைகளும் ஒரே விடையாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். தூரத்தில் பூநாரைக் கூட்டம் ரோஜா நிறத்தில் நின்றது. அதைச் சின்னப் பிள்ளைகூடப் பெயர் சொல்லிவிடும் என்பதால் அத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவை.

அங்கேதான் வம்பு. புத்தகத்தில் கர்லூ சாண்ட்பைப்பர் என்கிற உள்ளான் செங்கல் சிவப்பில் அட்டகாசமாக இருக்கிறது. அது சைபீரியத் துருவக்கரையில் ஜோடி தேடும்போது போடுகிற சட்டை. நம் ஊருக்கு வருவதற்குள் அதைக் கழற்றிவிட்டு, முதுகு சாம்பல், வயிறு வெள்ளை என்று போலீஸ்காரர் மாதிரி மஃப்டிக்கு மாறிவிடுகிறது. முப்பது கிராம்கூடத் தேறாத கொசு உள்ளானுக்கும் ஏறக்குறைய அதே உடுப்பு.

"அலகு நீளமா, நுனியில வளைஞ்சிருக்கா, பாரு" என்றார் அத்தான். பார்க்கலாம்தான். அலகு முழுக்கச் சேற்றுக்குள் இருந்தது.

சாலிம் அலி காலந்தொட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுகிறார்கள். ஒன்றின் காலில் ஏதோ பளிச்சிட்டது. எண்ணைப் படித்துவிடலாம் என்று அத்தான் தொலைநோக்கிக் குழாயைத் திருகித் திருகிக் கிட்டே கொண்டுவந்தார். அது அந்தக் காலை மட்டும் மடக்கி வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு, மற்றக் காலில் நின்றபடியே தூங்கிவிட்டது.

கர்லூ சாண்ட்பைப்பரில் அப்பாக்கள் முதல் ஆளாகத் தெற்கே கிளம்பிவிடுவார்களாம். அடைகாப்பதும் குஞ்சைப் பார்ப்பதும் அம்மா பாடு. அத்தான் இதை விளக்கியபோது அக்கா, "இதுக்கு சைபீரியா வரைக்கும் போகணுமா?" என்றாள். கடைசியாகக் கிளம்பும் குஞ்சுகள் வழிகாட்ட ஆளில்லாமல் கண்டம் தாண்டி வந்து சேர்ந்துவிடுகின்றன. எங்கள் டிரைவரோ கூகுள் மேப்பை வைத்துக்கொண்டு, வேதாரண்யத்திலிருந்து நேராக வரும் சாலையை விட்டு உப்பளத்து வரப்பில் வண்டியை இறக்கியிருந்தார்.

வண்டியைத் தள்ளிவிட வந்த உப்பளத்துப் பெரியவர் எங்களோடே நின்றுவிட்டார். எழுபதைத் தாண்டியிருப்பார்.

"இதுக்கு எதுக்கு சார் குழாயி? எல்லாம் உள்ளான்தான்."

"இல்லைங்க, இதுல பல வகை இருக்கு."

"தெரியும் சார். சட்டியில போட்டா தெரிஞ்சுபோயிடும். குட்டை மூக்குல ஒரு வாய்க்குக்கூடக் கறி தேறாது. வளைஞ்ச மூக்கு தேவலை."

அத்தான் முகம் வெளிறி, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"ஐயையோ, நான் சொல்றது அதுக்கு முன்னாடி சார்!"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த வளைஞ்ச மூக்கு இப்ப எங்க நிக்குது?" என்றார்.

பெரியவர் வெறுங்கண்ணால் பார்த்து விரல் நீட்டினார். அத்தான் குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் பெயரை எழுதி, பக்கத்தில் 'உள்ளூர் நிபுணர் உறுதிசெய்தது' என்று சேர்த்துக்கொண்டார்.